கம்ப்யூட்டர் பூட்டை மாற்றுங்கள்!

திருச்சி புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. சுற்றிலும் மருந்துக் கடைகள். நோயாளிகளின் ரகசியம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அதற்குப் பூட்டு எது? கணக்கு!

இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது. வந்த விடையைப் பிரிப்பது கடினம். பல பூட்டுகளின் ரகசியம் இதுதான்.

குவாண்டம் கம்ப்யூட்டர் அதைப் பிரித்துவிடும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். அவ்வளவு சக்தி உள்ள எந்திரம் இன்னும் வரவில்லை.

"வரட்டும், பார்க்கலாம்" என்று இருப்பது தவறு. இன்று திருடி வைத்து, நாளை திறப்பார்கள். நோயாளியின் ரகசியம் பத்து ஆண்டு கழித்தும் ரகசியம்தானே!

புதிய பூட்டுகளுக்கான விதிகளை அமெரிக்கா 2024-ல் வெளியிட்டுவிட்டது.

முதலாளிகள் என்ன செய்யவேண்டும்? எந்த ரகசியம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் எழுதவேண்டும். சாப்ட்வேர் விற்றவரிடம், "புதிய பூட்டு எப்போது?" என்று கேட்கவேண்டும்.

கேட்பதற்குக் காசு இல்லை!