இளைப்பாறுதலும் பயிற்சியே

உழைப்பைப் புகழாதார் நம் நாட்டில் இலர். உழைத்தபின் இளைப்பாறுதலைப் புகழ்வாரோ மிகச் சிலர். இளைப்பாறுவோனைச் சோம்பன் என்று இகழும் வழக்கம் விளையாட்டுக் களங்களிலும் குடிகொண்டுள்ளது. அவ்வழக்கம் தவறென்பதும், இளைப்பாறுதல் தேகப்பயிற்சியின் ஒரு கூறே என்பதும் என் துணிபு.

பழனிமலைத் தொடரை நோக்குவோம். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனெரிமார் கோடைக்கானலில் இல்லங்கள் அமைத்தது, சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் நலிந்த உடலைத் தேற்றிக்கொள்ளும் பொருட்டேயாம். 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்சு துரை அங்கே ஏரியை உண்டாக்கினார். ஆகவே அவ்வூர் நகரமாய் வளர்ந்ததே ஓய்வை முன்னிட்டு எனலாம். ஆயினும் நம் மாணவர் அங்குச் சென்று செய்வது யாது? மலையேறி, ஏரியில் துடுப்பு வலித்து, இறங்கி வந்த மறுநாளே பந்தாட்டக் களத்தில் நிற்கின்றனர்.

மலையேறுவதினும் இறங்குவதே தசைகளை மிகுதியும் வருத்தும். இறங்குங்கால் தொடைத்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குதலின் அதன் நுண்ணிய நார்கள் சிதைவுறும். வலி அன்றே முற்றாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரையில் முதிரும். லாக்டிக் அமிலமே இதற்குக் காரணம் எனப் பலர் இன்றும் கூறுவர். அது பொருந்தாது, அப்பொருள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் பழைய அளவுக்குத் தணிந்துவிடும். மேலும், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கோடைக்கானலில் பிராணவாயுவின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கைச் சிறிதே மிஞ்சும். குளிர்காற்றில் வேர்வை புலப்படாமையால் தாகமும் மறைந்து நிற்கும்.

வாட்டர் போலோ ஆடுவோர்க்கும் இதுவே நிலை; நீருக்குள் வேர்ப்பதை அவர் உணரார். எட்டு எட்டு நிமிடங்கொண்ட நான்கு பகுதிகளிலும், தரையில் காலூன்றாது மிதந்தபடியே ஓங்கிப் பந்தெறிய வேண்டுதலின், தோள்களும் இடுப்பும் பெரிதும் களைக்கும். 1951-இல் புதுடில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் தேசம் தங்கம் வென்ற ஆட்டம் இது. இதில் தேர்ந்த பயிற்சியாளர் ஆட்டம் முடிந்தவுடன் வீரரைக் கலைந்து போக விடார். மெல்ல நீந்தச் செய்து, நீரும் உணவும் அளித்து, உறக்கத்தையும் விசாரிப்பர். குளிர்நீரில் மூழ்குதல், போட்டிகள் அடுத்தடுத்து வருங்கால் வலியைத் தணிக்கும். ஆனால் வலுவூட்டும் பயிற்சிக்குப்பின் அதை வழக்கமாக்கின் தசைவளர்ச்சி குன்றும் என்று 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆதலின் பனிக்கட்டித் தொட்டி இல்லையே என நம் கல்லூரி வருந்த வேண்டுவதில்லை. உறக்கத்திற்கு நிகரான மருந்து வேறில்லை. அதற்கு விலையும் இல்லை.

"நம் முன்னோர் ஓய்வறியாது உழைத்தனரன்றோ?" என்பார் உளர். தைப்பூசத்திற்குக் காவடியுடன் குன்றக்குடி வழியாய்ப் பழனிக்கு நடக்கும் நகரத்தார், தங்குமிடங்களை வகுத்துக்கொண்டே நடக்கின்றனர். சாலையோரங்களில் நம்மவர் சுமைதாங்கிக் கற்களை நாட்டியது எதற்கு? சுமப்பவன் சோம்பன் என்றெண்ணியா? அவன் ஊர் போய்ச் சேரவேண்டும் என்றெண்ணியன்றோ!

ஆகவே பயிற்சியாசிரியர்களை வேண்டிக்கொள்வது இது: மலைப்பயணத்தினின்று மீண்ட மாணவனுக்கு இரண்டு நாளேனும் இலேசான பயிற்சியே தருக. ஓடு என்று பணிக்குமுன், எவ்வளவு உறங்கினாய் என்று வினவுக. வலியைச் சொல்பவனை நகையாடற்க. மாணவ நண்பர்களே, நீங்களும் இரவைக் கைப்பேசிக்கு ஈந்துவிட்டுக் காலையில் களைப்பென்று முறையிடுதல் முறையன்று. கெட்ட தோளோடு கல்லூரியை விட்டுச் செல்லும் ஒரு மாணவனுக்கு, நாம் வென்ற கேடயங்கள் யாவும் சேர்ந்தாலும் ஈடாகா.