கொஞ்ச நாள் வீடு

நாய் என்றால் நம்மவர்களுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, கட்டி வளர்ப்பது. மற்றொன்று, கல்லெடுத்து விரட்டுவது. மீட்கப்பட்ட நாயை நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில வாரங்கள் பராமரித்துக் கொடுப்பது மூன்றாவது வழி. நம் மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பேன்.

ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள எங்கள் வீட்டில் இப்போது அப்படி இரண்டு குட்டிகள். “காப்பகம் எதுக்குடா இருக்கு?” என்கிறார் பாட்டி. நியாயமான கேள்விதான். ஆனால், நெரிசலான காப்பகத்தில் பார்வோ கிருமி குட்டிக்குக் குட்டி எளிதில் தொற்றும். மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் போடப்படும். 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் அது தொடர வேண்டும். அந்த இடைக்காலத்தில்தான் பல குட்டிகள் சாகின்றன. அதைத் தாண்டிவிடத்தான் ஒரு வீடு தேவை.

விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி, கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். நல்லது. ஆனால் சட்டம் குட்டிக்குச் சோறு வைக்காதே!

தோட்டத்து லயங்களில் நாயோடு வளர்ந்தவர்கள் நாம். தாமானுக்கு வந்ததும் அருவருப்பு எங்கிருந்து வந்தது?

விடுதியில் இருப்போருக்கு இது ஆகாது. முன்னாள் மாணவர்களே, வேலி போட்ட வீடு உங்களிடம்தான் இருக்கிறது! நகராண்மைக் கழக விதியைக் கேட்டறியுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் நாளில் அழுகை வரும் என்கிறார்கள், வரட்டுமே. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் குட்டியை யார் பார்ப்பது என்பதை மட்டும் இப்போதே பேசி வையுங்கள்.