மூன்று ஊர் பார்க்க இரண்டு விமானம் போதும்

கேள்வி: எங்கள் பால் உற்பத்தியாளர் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். டெல்லி பூசா உழவர் திருவிழா, கர்னால் பால் ஆராய்ச்சி நிலையம், குஜராத்தில் ஆனந்த் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவர ஆசை. முழுக்க ரயிலில் போனால் வழியிலேயே பல நாள் போய்விடும். கறவை மாடுகளை விட்டுவிட்டு அவ்வளவு நாள் இருக்க முடியாது. டிராவல்ஸில் கேட்டால் ஆளுக்கு நான்கு விமானம் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். செலவைக் குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், கோபி வட்டாரம்

பதில்: உண்டு. டிராவல்ஸ்காரர் சொன்ன நான்கு விமானம் எவை என்று பாருங்கள். கோவை–டெல்லி, டெல்லி–ஆமதாபாத், மறுபடி ஆமதாபாத்–டெல்லி, டெல்லி–கோவை. ஆனந்த் பார்த்த பிறகு திரும்பவும் டெல்லிக்கு ஏன் போக வேண்டும்? டெல்லியில் இறங்கி, ஆமதாபாத்திலிருந்து ஊர் திரும்புங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் கட்டணம். போன ஊரிலிருந்தே திரும்பினால்தான் மலிவு என்பது இங்கே பொருந்தாது.

இடைப்பட்ட தூரத்துக்கு விமானம் தேவையில்லை. டெல்லியிலிருந்து கர்னால் சுமார் 130 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் நிறைய உண்டு. டெல்லியிலிருந்து ஆமதாபாத்துக்கு ஆசிரம் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்கள் இருக்கின்றன. தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும். ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். அங்கிருந்து ஆனந்த் வதோதரா போகும் ரயில் பாதையில் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆக, ஆளுக்கு இரண்டு விமானம் போதும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும்; அன்றே ஆறு படுக்கையையும் பதிவு செய்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஆறு பேருக்கு ஒன்றாகத் தேடுவதற்கு முன் ஒருவருக்கு மட்டும் விலை பாருங்கள். ஒரே விமானத்தில் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவு அடுக்கில் இரண்டே இருக்கை மீதம் இருந்தால், ஆறு பேருக்குக் கேட்கும்போது ஆறு பேருக்குமே அடுத்த அடுக்கின் விலையைத்தான் காட்டும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கீழ் அடுக்கு 5,000 ரூபாய், மேல் அடுக்கு 6,200 ரூபாய் என்றால் ஆறு பேருக்கு 37,200 ரூபாய். இரண்டு பேர், நான்கு பேர் என்று பிரித்து எடுத்தால் 34,800 ரூபாய். 2,400 ரூபாய் மிச்சம். பிரித்து எடுத்தால் பதிவு எண் இரண்டு வரும். இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெள்ளி மாலை, ஞாயிறு, பண்டிகை நாட்களில் விலை கூடும். செவ்வாய், புதன் பெரும்பாலும் குறைவு. முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள்.

3. பெங்களூர் விமானம் மலிவாகத் தெரியலாம். ஆனால் அந்த விமான நிலையம் நகருக்கு வடக்கே வெகுதூரம். ரயில், பேருந்து, சாப்பாடு, வீணாகும் ஒரு நாள் எல்லாவற்றையும் கூட்டினால் உங்களுக்குக் கோவையே லாபமாக இருக்கலாம். கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. முதல் பக்கத்து விலையை நம்பாதீர்கள். சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், இருக்கைத் தேர்வு என்று கடைசியில் ஏறும். வேண்டாததை நீக்கிவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் வரும் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். பெட்டியையும் கவனியுங்கள். பல டிக்கெட்டுகளில் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் சேர்ந்திருக்கும். சில மலிவு டிக்கெட்டுகளில் கைப்பை மட்டும்தான்.

5. ஆமதாபாத்திலிருந்து கோவைக்கு மும்பை, சென்னை போன்ற ஊர்களில் மாறி வரவேண்டியிருந்தால், அந்த இரண்டு விமானத்தையும் ஒரே பதிவு எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போச்சு, கேட்க முடியாது. பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். சில நூறு ரூபாய்க்காக இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

6. பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர் இனிஷியலில்தான் குழப்பம் வரும். எழுத்துப் பிழை இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விமானக் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் அந்த டிக்கெட்டில் போக முடியாது. எனவே யார் யார் வருவது என்பதை உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். கன்று போடும் தருவாயில் மாடு வைத்திருப்பவர் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு பெயர் கொடுக்கட்டும். மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் வரியும் விமான நிலையக் கட்டணமும்தான் தேறும்.

7. வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் அதிகம். டிக்கெட்டில் அச்சிட்ட எண்ணையே பயன்படுத்துங்கள். ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கத்தி, கவாத்துக் கத்தரி எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். அங்கே யாருக்காவது கொடுக்கலாம் என்று கொப்பரை எடுத்துப் போகவே வேண்டாம். எளிதில் தீப்பற்றும் என்பதால் கைப்பை, பெட்டி இரண்டிலும் தடை.

வரிசையும் முக்கியம். பூசா திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். தேதி அறிவித்ததும் கர்னால் தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும், ஆனந்தில் நீங்கள் பார்க்க விரும்பும் நிறுவனத்துக்கும் குழுவின் பெயரில் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களைத் தவிருங்கள். அனுமதி வந்த பிறகு டிக்கெட். டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அங்கே வாசலோடு திரும்பினால் மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமில்லை.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருக்கிறது. அட்மா திட்டத்தில் வெளி மாநிலக் கண்டுணர்வுப் பயணத்துக்கு நிதி ஒதுக்குவது உண்டு. உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, உங்கள் குழுவைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கிடைத்தால் பயணச் செலவில் பெரும் பகுதி குறையும். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன கணக்கு கையில் இருக்கிறது. ஆறு பேரும் இல்லாத நாட்களில் யார் வீட்டு மாட்டை யார் கறப்பது, சொசைட்டிக்கு யார் பால் ஊற்றுவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.