இடப்பக்கம் ஒரு சுற்று

விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து ரயிலில் தாம்பரம் போய் வருகிறவர்கள் பார்த்திருக்கலாம். கிழக்கே ஒரு சின்ன விமானம் தாழ இறங்கி மறையும். இறங்கிவிட்டது என்று நினைக்கும்போதே மறுபடி மேலே எழும்பும். ‘ஏதோ கோளாறு’ என்பார் பக்கத்து இருக்கைக்காரர். கோளாறு ஒன்றுமில்லை. 1954 முதல் தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி நடக்கிறது. விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், அதைச் சொல்லித்தரக் கற்கும் இடம் அது. சக்கரம் தரையைத் தொட்டதும் வேகம் கூட்டி எழுந்து, ஓடுபாதையைச் சுற்றி மறுபடி இறங்க வருவது பாடத்தில் ஒரு பகுதி. அந்தச் சுற்றுக்குப் பெயர் சர்க்கியூட்.

கோயிலில் சாமியை வலப்பக்கம் வைத்துச் சுற்றுகிறோம். விமானம் ஓடுபாதையை இடப்பக்கம் வைத்துச் சுற்றுகிறது. தலைமை விமானியின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், திரும்பும்போது ஓடுபாதை அவர் கண்ணைவிட்டு அகலாது. குன்றோ ஊரோ குறுக்கிடும் இடங்களில் மட்டும் வலச்சுற்று என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

காற்றை எதிர்த்துக் கிளம்பி, இடப்பக்கம் ஒடித்து, இன்னொரு முறை ஒடித்தால் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் நீண்ட பக்கம் வரும். அதுதான் டவுன்விண்ட். சிறு விமானங்கள் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் இதைப் பறக்கும். ஓடுபாதையின் முனை தோளுக்குப் பின்னால் சாய்வாக நழுவும்போது மறுபடி இடப்பக்கம் திரும்பினால் பேஸ். இன்னொரு திருப்பத்தில் ஓடுபாதை நேர் எதிரே வந்து நிற்கும். அது ஃபைனல்.

எந்த முனையிலிருந்து இறங்குவது என்பதை விமானி தன் சௌகரியத்துக்கு முடிவு செய்ய முடியாது, காற்றுதான் முடிவு செய்கிறது. 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் இறங்கும் சிறு விமானத்துக்கு எதிர்காற்று 10 நாட் இருந்தால், தரையைத் தொடும்போது தரையைப் பொறுத்த வேகம் 50தான். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 70. வித்தியாசம் 20தானே என்று விட்டுவிட முடியாது. நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், ஏறக்குறைய இரு மடங்கு ஓடுபாதை வேண்டியிருக்கும்.

நமக்குப் பக்கத்து விமான நிலையம் புதுச்சேரி லாஸ்பேட்டை. ஓடுபாதை 1,500 மீட்டர்தான். ஒரு முனைக்கு எண் 07, மறுமுனைக்கு 25; திசைமானியின் 70, 250 பாகைகளைச் சுருக்கி எழுதியவை அவை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது நம் விழுப்புரத்துப் பக்கமிருந்து உள்ளே வந்து கடலைப் பார்த்து இறங்குவதுதான் முறை. ஆனி, ஆடி மேல்காற்றில் அது தலைகீழ். வெயில் காலத்திலோ, காலையில் மேற்கிலிருந்து வீசிய காற்று பிற்பகலில் கடற்காற்றாக மாறினால், ஒரே நாளில் முனையும் மாறும்.

இவ்வளவு ஒழுங்கு எதற்கு? சிறு விமானத் தளங்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரு காற்றுப்பையும் ரேடியோவும்தான் துணை. ‘டவுன்விண்டில் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னதும், மற்றவர்களுக்கு வானத்தில் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், தன் அடுத்த திருப்பத்தை முன்பின் தெரியாதவரும் ஊகிக்கும்படி பறக்கிறவர்தான் நல்ல விமானி. நம் நெடுஞ்சாலைகளில் இண்டிகேட்டரே போடாமல் திரும்புகிறவர்களை என்ன சொல்ல!

2019 வரை நம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்ட உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடக்கிறது. பயணிகள் விமானம் வரும் என்று காத்திருப்பதைவிட, அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கலாம். சர்க்கியூட் பழகப் பெரிய முனையக் கட்டடம் தேவையில்லை. நல்ல ஓடுபாதையும் நெரிசல் இல்லாத வானமும் போதும். அரசு இதை யோசிக்க வேண்டும்.