காரணம் சொல்ல மாட்டினமாம்

அமெரிக்காவில் ஒரு டொக்டரின் பிழைப்பைக் குலைக்க அவரின் லைசென்ஸைப் பறிக்கத் தேவையில்லை. காப்புறுதிக் கம்பனி தன்னுடைய பட்டியலில் இருந்து அவர் பேரை வெட்டினாலே காணும். ஏன் வெட்டினீங்கள் எண்டு கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவினம். 'காரணத்துடனோ காரணமின்றியோ' எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் 'காரணமின்றி' என்ற சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் அந்தப் பட்டியல் எப்படி வேலை செய்யுது என்று பார்ப்போம். அங்கே உழைக்கிற வயதில் உள்ள பெரும்பாலானவர்களுக்கு வேலைத்தலம் மூலம்தான் மருத்துவக் காப்புறுதி. கம்பனி டொக்டர்மாரோடு குறைந்த கட்டணத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஒரு 'நெட்வேர்க்' வைத்திருக்கும். அதற்குள் இருக்கிற டொக்டரிடம் போனால் நோயாளியின் கையிலிருந்து போவது கொஞ்சக் காசு. வெளியே போனால் பலமடங்கு. சில திட்டங்களில் கம்பனி ஒரு சதமும் தராது. ஆக, பட்டியலில் இல்லாத டொக்டர் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் நோயாளி உள்ளே வர ஏலாது.

லூயி பொட்வின் என்ற மகப்பேற்று, பெண்ணோயியல் வைத்திய நிபுணருக்கு நடந்தது இதுதான். கலிபோர்னியாவில் 35 வருடங்களுக்கு மேல் தொழில் செய்தவர். ஒரேஞ்ச் கவுண்டி மருத்துவச் சங்கத்தின் முன்னாள் தலைவர். 1990 செப்ரெம்பரில் மெட்லைஃப் கம்பனி அவரைத் தன்னுடைய பட்டியல்களில் சேர்த்தது. 1992 யூலையில் கடிதம் வந்தது: ஓகஸ்ட் 31 உடன் சரி. ஏன் என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லுறம் என்ற மாதிரிப் பதில் வந்தது. சிகிச்சைத் தவறு வழக்குகள் தொடர்பான கம்பனியின் அளவுகோலுக்குள் அவர் வரவில்லையாம். இரண்டு வழக்குக்கு மேல் இருக்கக்கூடாது, நட்டஈடு மொத்தம் 50,000 டொலரைத் தொடக்கூடாது. அவர் மீது இருந்தவை நான்கு. நான்குமே 1990 ஒப்பந்தத்துக்கு முந்தியவை. மூன்றைப் போட்டவர்களே கைவிட்டுவிட்டார்கள். நான்காவது 713,000 டொலருக்குச் சமரசமாக முடிந்தது.

மெட்லைஃப் நோயாளிகள் அவரிடம் வந்தவர்களில் சிறு பங்குதான். ஆனால் ஒரு கம்பனி வெட்டினால் அதை மற்றக் கம்பனிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அவர்களும் வெட்டினார்கள். கடைசியில் முன்பு வந்த நோயாளிகளில் ஒரு சின்னப் பகுதிதான் மிஞ்சியது என்று அவர் முறையிட்டார்.

நாங்கள் பொட்வினுக்கு நற்சான்றிதழ் எழுத வரவில்லை. 713,000 டொலர் சின்னக் காசில்லை. அவர் உண்மையிலேயே பிழை விட்டிருக்கலாம், விடாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கு: ஆளைக் கூப்பிட்டு, குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்பது. அவர் கேட்டதும் அதைத்தான். தரம் குறைந்த டொக்டர்மாரைக் களைய எங்களுக்கு இந்த அதிகாரம் வேண்டும் என்று கம்பனிகள் சொல்லுகின்றன. சரி, களையுங்கோ. அப்படியெண்டால் காரணம் இருக்குத்தானே? இருக்கிற காரணத்தைச் சொல்ல ஏன் பயம்?

'கையெழுத்துப் போட்டவர்தானே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்' என்பவர்களும் இருக்கிறார்கள். 'எந்தத் தரப்பும்' என்ற வாசகம் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பட்டியல்களில் 16,000 பேர் இருந்தார்கள். ஒருவர் விலகினால் கம்பனிக்கு மயிரளவும் நட்டமில்லை. கம்பனி விலக்கினால் அவருக்குத் தொழிலே இல்லை. இதைச் சமமான சுதந்திரம் எண்டு சொல்லுறது பகிடி.

2000 மே மாதம் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பொட்வின் பக்கம் நின்றது. ஒரு காப்புறுதிக் கம்பனி விலக்கினால் ஒரு சாதாரண, திறமையுள்ள வைத்தியர் அந்தப் பகுதியில் தொழில் செய்வதே பெரிதாகப் பாதிக்கப்படும் என்றால், நியாயமான நடைமுறை இல்லாமல் விலக்க முடியாது. 'காரணமின்றி' என்ற வாசகத்தால் அந்த உரிமையைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. நல்ல தீர்ப்பு. ஆனால் கம்பனிக்கு அவ்வளவு பலம் இருக்கு என்பதை நிரூபிக்கிற பாரம் டொக்டரின் தலையில். அதுவும் ஒரு மாநிலத்துக்கு மட்டும். கடிதம் வந்து தீர்ப்பு வர எட்டு வருடம்.

இது டொக்டர்மாரின் வருமானப் பிரச்சினை மட்டும் என்றால் நாங்கள் இவ்வளவு கத்தமாட்டோம். டேவிட் ஹிம்மெல்ஸ்டீன் என்ற வைத்தியரைப் பாருங்கள். கம்பனி மீதான நம்பிக்கையைக் குலைக்கிற எதையும் நோயாளிகளிடம் சொல்லக்கூடாது என்று யூ.எஸ். ஹெல்த்கெயார் கம்பனியின் ஒப்பந்தத்தில் இருந்தது. 1995 கடைசியில் அவர் அதைத் தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார். உடனேயே அவரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. விசயம் ஊரெல்லாம் நாறின பிறகு 1996 இல் திரும்பச் சேர்த்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஹார்ப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோயாளிகளின் பரிசோதனைப் பதிவுகளில் கை வைக்கப்பட்டிருக்கு என்று தன் காப்புறுதிக் கம்பனிக்கு முறையிட்டார். பிறகு அவரும் வெளியே. பொதுநலனுக்கு விரோதமான காரணத்துக்காக இப்படி விலக்க முடியாது என்று அந்த மாநில நீதிமன்றம் 1996 இல் சொன்னது.

ஹிம்மெல்ஸ்டீன் காலத்து வாய்ப்பூட்டு வாசகங்களைப் பல மாநிலங்கள் பின்னர் தடைசெய்தன. ஆனால் வாயைத் திறக்க உரிமை தந்துவிட்டு, திறந்தவரைக் காரணம் சொல்லாமல் வெட்டவும் விட்டால் அந்தத் தடையால் என்ன பிரயோசனம்? 'இந்த ஸ்கான் கட்டாயம் வேணும், கம்பனி மறுக்கிறது பிழை' என்று நோயாளிக்காக வாதாடுகிற டொக்டர், அடுத்த மாதம் கடிதம் வருமோ என்று யோசிக்கத்தான் செய்வார். அந்த யோசனையின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

நோயாளியிடம் ஒருவரும் கேட்பதும் இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஒரு கடிதம் போகும்: உங்கள் டொக்டர் இனிப் பட்டியலில் இல்லை. 2022 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமொன்று கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் 90 நாள் வரை பழைய டொக்டரிடமே பழைய கட்டணத்தில் தொடர வழி விடுகிறது. கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் வருடக்கணக்கில் புற்றுநோயோடு போராடுகிறவருக்கு 91ஆம் நாள் என்ன பதில்?

'எங்களுக்கென்ன, இஞ்ச இலவச ஆஸ்பத்திரி இருக்கு' என்று நினைக்கிறீர்களா? இருக்கு, அதைக் காப்பாற்றவும் வேணும். ஆனால் கொழும்பில் வேலை செய்கிற எங்கள் வயதுக்காரர் பலரிடம் இப்போது கம்பனி தந்த காப்புறுதி அட்டை இருக்கு. அதற்கும் ஆஸ்பத்திரிப் பட்டியல் இருக்கு. ஆப்பில் ஓட்டோ ஓட்டுகிற, சாப்பாடு கொண்டுபோகிற பெடியனைக் கேளுங்கோ: ஒரு காலை எழும்பினால் எக்கவுண்ட் பூட்டியிருக்கும், ஏன் எண்டு சொல்ல ஆளில்லை. டொக்டருக்கும் அவனுக்கும் வருகிற கடிதம் ஒன்றுதான்.

நாங்கள் கேட்பது மூன்று. விலக்கினால் காரணம் எழுத்தில் வரவேண்டும். கம்பனியிடம் சம்பளம் வாங்காத ஒருவர் முன் பதில் சொல்ல இடம் வேண்டும். நோயாளிக்காகக் கதைத்ததற்காக விலக்குவது சட்டவிரோதம் என்று எழுதப்பட வேண்டும், அதை நிரூபிக்கிற பாரம் கம்பனியின் தலையில் இருக்க வேண்டும். இதைக் கொடுத்தால் காப்புறுதித் தொழிலே படுத்துவிடும் என்று கம்பனிகள் சொன்னால், அதற்கும் காரணத்தை எழுத்தில் தரட்டும்.