செகண்ட் ஆஃப் லேக், ப்ரோ!

இப்போது எந்தப் புதுப்படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வந்து விழுகிற சொல் ‘லேக்’. ‘ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் லேக் ப்ரோ.’ ‘நல்ல படம்தான், ஒரு இருபது நிமிஷம் தூக்கியிருந்தா செமயா இருந்திருக்கும்.’ இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்பவர் சொல்கிறார். தியேட்டர் வாசலில் நீட்டப்படுகிற மைக்கைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆயிரம் பக்க நாவலைக் கொண்டாடுகிற, ஓர் ஆற்றைப் பற்றி நாலு பக்கம் வந்தாலும் பொறுமையாக வாசிக்கிற நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதைவிட இவர்கள் சொல்வதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான்.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். அது சினிமாச் சொல் கிடையாது. ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் வாயிலிருந்து வந்தது. நான் பொத்தானை அழுத்துகிறேன். திரையில் துப்பாக்கி அரை நொடி கழித்துச் சுடுகிறது. அந்தத் தாமதம்தான் லேக். நெட் சரியில்லை, மெஷின் சரியில்லை என்று அர்த்தம். ஆடுகிறவன் மேல் எந்தத் தப்பும் கிடையாது. இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு படத்தின் மேல் ஒட்டும்போது, அந்தப் படம் நம் விரலுக்குக் கட்டுப்பட்ட மெஷின் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். நான் தட்டினால் நீ உடனே ஏதாவது தர வேண்டும். தரவில்லை என்றால் கோளாறு உன்னிடம்.

முந்தைய தலைமுறை ‘போரடிச்சுது’ என்று சொன்னது. அதில் போரடித்த ஓர் ஆள் இருந்தார். ஏன் போரடிச்சுது, எந்த இடத்துல என்று அவரிடம் கேட்கலாம், சண்டை போடலாம். லேக்கில் ஆளே இல்லை. அது ரிப்பேர்க் கடைக்காரர் எழுதித் தருகிற துண்டுச்சீட்டு மாதிரி. அதற்கு ஒரே வைத்தியம்தான் இருக்கிறது: கத்தரி.

கத்தரி நிஜமாகவே வருகிறது. 2024 செப்டம்பர் 27 அன்று பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வந்தது. ஏறத்தாழ 3 மணி நேரப் படம். முதல் காட்சி முடிவதற்குள் லேக் என்ற தீர்ப்பு வந்துவிட்டது. சில நாட்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டு, வெட்டிய படத்தைத் தியேட்டர்களில் ஓட்டினார்கள். இயக்குநர் சம்மதித்துத்தான் இது நடந்தது. ஆனால் சம்மதம் என்பதை எந்தச் சூழலில் வாங்கினோம் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? தணிக்கைக் குழு இரண்டு நிமிடம் வெட்டினால் படைப்புச் சுதந்திரம் என்று கொதிக்கிறோம், பதிவு போடுகிறோம். 18 நிமிடம் போனபோது ‘இப்ப க்ரிஸ்ப்பா இருக்கு’ என்று கை தட்டியவர்களும் நாம்தான்.

அந்தப் படத்தின் கதை என்ன? சொந்தக்காரர்களின் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, ஊரைவிட்டுப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்து ஒரு தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவன் காலைச் சுற்றிக்கொண்டே திரிகிறான். அவன் யார், பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அந்த இரவை அவன் வீட்டில் கழிக்க வேண்டியதாகிறது. அவன் சாப்பாடு போடுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். பெயர் தெரியாமல் ஒருவனுடைய அன்பை வாங்கிக்கொண்டே இருப்பதன் கூச்சம்தான் படம். கூச்சம் வளர்வதற்கு நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் அது சின்ன அசௌகரியம். இரண்டு மணி நேரத்தில்தான் அது குற்ற உணர்ச்சியாக மாறி, விடிகாலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓட வைக்கும். அந்த இரவில் எதை வெட்டினாலும், அருள் ஓடுவதற்கான காரணத்தில் கொஞ்சம் வெட்டுகிறோம்.

இதே இயக்குநரின் ‘96’ படத்திலும் ஓர் இரவுதான். இரண்டு பேர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பிரிகிறார்கள். 2018இல் அதை நாம் கொண்டாடித் தீர்த்தோம். ஆறு வருஷத்தில் மெதுவாக ஆனது பிரேம்குமாரா, அவசரமானது நாமா?

‘மெய்யழகன்’ மேல் எனக்கும் விமர்சனம் இருக்கிறது. அந்த ஊரில் எல்லாருமே ரொம்ப நல்லவர்கள். சொத்தைப் பிடுங்கியவர்கள்கூடப் பின்னணியில் மங்கலாகத்தான் தெரிகிறார்கள். டெல்டாவின் ஓர் ஊரைக் காட்டிவிட்டு அங்கே சாதி என்ற ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி நடந்துகொள்வது எனக்கு உறுத்தியது. இதையெல்லாம் வைத்து ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம். ஆனால் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. லேக் என்ற ஒற்றைச் சொல் எல்லா விமர்சனத்தையும் முழுங்கிவிட்டது. நல்ல விமர்சனத்துக்கும் அது எதிரிதான்.

வெட்டினால் படம் தேறுமா? அதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’வில் 12 நிமிடம் வெட்டினார்கள். நவம்பரில் வந்த ‘கங்குவா’விலும் 12 நிமிடம் போனது, அதோடு சத்தத்தையும் குறைக்கச் சொன்னார்கள். இரண்டுமே தேறவில்லை. ஏன் என்றால் இரண்டிலும் வியாதி வேறு. ‘இந்தியன் 2’வில் ஊழல் என்பது 1996இல் உறைந்துபோன ஒரு பொம்மை. அதை 3 மணி நேரம் காட்டினாலும் 2 மணி நேரம் காட்டினாலும் பொம்மைதான். ‘கங்குவா’வில் எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் கத்துவதைக் கேட்டுக்கொள்ள இன்னொருவர் இல்லை. யோசிக்காமல் எழுதிய காட்சி எத்தனை வேகமாக ஓடினாலும் நீளமாகத்தான் இருக்கும்.

சரி, எதுவும் எங்கேயும் நிற்காமல் ஓடுகிற படம் எப்படி இருக்கும்? 2025 ஆகஸ்டில் ‘கூலி’ வந்தது. நண்பன் ராஜசேகர் செத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு தேவா வருகிறான். அங்கிருந்துதான் கதையே தொடங்குகிறது. முப்பது வருஷ நட்பு மாதிரி பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சாவுக்காக ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து அழ, படத்தில் இடமே இல்லை. அடுத்த ஆள், அடுத்த சண்டை, அடுத்த கேமியோ. இந்தப் படத்தில் ஒரு நாற்காலி வருகிறது, ஞாபகம் இருக்கா? பிணத்தை உட்கார வைத்தால் நொடியில் சாம்பலாக்கிவிடும் நாற்காலி. நம் வேக சினிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. பிணம் இருக்கும்வரைதான் துக்கம், கேள்வி, நாலு பேர் பேச்சு. சாம்பலாக்கிவிட்டால் அடுத்த சீனுக்குப் போகலாம். துளி லேக் கிடையாது.

இதற்கு மூன்று மாதம் முன்னால் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யிலும் ஒரு சாவு உண்டு. இலங்கையிலிருந்து ஒளிந்து வந்த ஒரு குடும்பம், அக்கம்பக்கத்தில் யாரும் யாரோடும் ஒட்டாத ஒரு சென்னைக் காலனியில் குடியேறுகிறது. அங்கே ஒரு வயதான பெண்மணி இறந்துபோகிறார். படம் அங்கே நின்றுவிடுகிறது. கதையை நகர்த்துவதற்கு அது தேவையா என்று கணக்குப் பார்க்காமல், ஒரு தெரு எப்படிச் சாவு வீடாகிறது என்பதைக் காட்டுகிறது. மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், அழுதார்கள், படம் ஓடியது. ஆக, ‘ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது சார்’ என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் பொய்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லேக் என்று சொல்லும்போது நாம் நிமிடத்தைக் கணக்கிடுகிறோமா? சத்தியமாக இல்லை. ஹீரோ அறிமுகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஷூ. அப்புறம் காப்பு போட்ட கை. அப்புறம் முதுகு. சிகரெட் புகை. எதிரில் நிற்கும் பத்துப் பேரின் மிரண்ட முகங்கள். கடைசியில்தான் முகம். இது முழுக்க ஸ்லோமோஷனில். நிஜத்தில் நாலு நொடியில் முடிகிற காரியத்தை நாலு நிமிடம் இழுக்கிறார்கள். சொல்லின் நேர் அர்த்தத்தில் தமிழ் சினிமாவின் மிகப் பெரிய லேக் இதுதான். யாராவது ஒரு ஆள் அதைச் சொல்லியிருக்கோமா? விசில் அடித்தோம்.

2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த ‘கொட்டுக்காளி’ இரண்டு மணி நேரம்கூட இல்லாத படம். மீனா வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள் என்பதால், அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போகிற வழிதான் படம். பின்னணி இசை கிடையாது. மீனா வாயைத் திறப்பதே அபூர்வம். ஓர் இடத்தில் ஒரு காளை ரோட்டை மறித்து நின்றுகொள்கிறது. அத்தனை ஆம்பிளைகளும் அதன் பக்கத்தில் போகப் பயப்படுகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் காத்திருப்பு படத்தில் அப்படியே இருக்கிறது. காத்திருக்கும்போதுதான் இந்த வீராப்பெல்லாம் ஒரு மாட்டின் முன்னால் எவ்வளவு என்று நமக்குத் தெரிகிறது. வெட்டியிருந்தால் வெறும் தகவல்தான் மிஞ்சும்: ‘வழியில் மாடு, சிறுமி ஓட்டினாள்.’

அந்தப் படத்தைத்தான் லேக் என்றோம். ‘இதையெல்லாம் தியேட்டர்ல ஏன் விடுறீங்க, ஓடிடிக்குக் குடுத்திருக்கலாமே’ என்ற குரல் திரையுலகத்துக்குள்ளிருந்தே வந்தது. ஆக, நட்சத்திரத்தின் நாலு நிமிட நடை ‘மாஸ்’. ஒரு பெண்ணின் நாலு நிமிட மௌனம் ‘லேக்’. கடிகாரம் இரண்டுக்கும் ஒரே அளவுதான் காட்டும். யாருடைய நேரம் நமக்கு மதிப்பு, யாருடைய நேரம் வீண் என்பதைத்தான் இந்தச் சொல் சொல்கிறது. திரையில் யார் நின்று நிதானமாக இருக்கலாம், யார் சட்டென்று வந்து வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று நாம் போடுகிற சட்டம் அது. கத்தரி வரும்போது அது யார் மேல் விழுகிறது என்று கவனியுங்கள். சாப்பிடுகிறவர்கள், நடக்கிறவர்கள், பழைய கதை பேசுகிறவர்கள், அழுகிறவர்கள், சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்கள். ஸ்லோமோஷன் மேல் அது விழுவதே இல்லை.

அதே ஆகஸ்ட் 23 அன்றுதான் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. கடைசிப் பகுதியில் அந்தச் சிறுவன் பசியோடு அலைகிறான். சாவு விழுந்த வீட்டில் அவன் கை சோற்றைத் தேடிப் போகும்வரை படம் அந்தப் பசியை இழுத்துக்கொண்டே போகிறது. அங்கே யாரும் லேக் என்று முனகவில்லை. நான் பார்த்த தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. 1979இல் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தபோதும் அதன் மௌனங்களோடு சேர்த்தே அதை ஓட வைத்தவர்கள் நம் ஊர் ரசிகர்கள்தான். நமக்குப் பொறுமை இருக்கிறது. யாருக்குத் தருவது என்பதில்தான் தகராறு.

‘உனக்கென்ன, டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன்னு காசு குடுக்கறது நான்’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயம். காசு கொடுத்தவருக்குத் திட்ட உரிமை உண்டு. அதனால்தான் 2024 கடைசியில் தயாரிப்பாளர்கள் யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றதும், முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு நீதிமன்றம் போனதும் எனக்கு அபத்தமாகத் தெரிந்தது. உயர்நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்தது சரி. முதல் நாள் முதல் காட்சி என்ற கூச்சலை வளர்த்துக் காசு பார்த்தவர்கள், அதே கூச்சல் திரும்பித் தாக்கும்போது கதவைச் சாத்தச் சொல்வதில் என்ன நியாயம்? யாரும் வாயை மூட வேண்டாம். முழுசாகப் பேசினால் போதும்.

மெதுவான படமெல்லாம் நல்ல படம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு சுவரை மூன்று நிமிடம் காட்டிவிட்டு விருதுக்குக் காத்திருக்கிற படங்களும் இருக்கின்றன. அவற்றைக் கிழித்துத் தொங்கப் போடுங்கள். ஆனால் அந்தச் சுவர் ஏன் வீண் என்று சொல்லிக் கிழியுங்கள்.

நான் கேட்பது இரண்டே விஷயம். ரிலீஸுக்குப் பிறகு ஒரு படத்தை வெட்டினால், வெட்டாத வடிவத்தையும் எங்காவது பார்க்கக் கிடைக்கும்படி வையுங்கள். ஓடிடியில் இடத்துக்கா பஞ்சம்? எது நன்றாக இருக்கிறது என்று நாங்கள் முடிவு பண்ணிக்கொள்கிறோம். இது தயாரிப்பாளர்களுக்கு. இரண்டாவது, இலக்கியம் படிக்கிற உங்களுக்கு. அடுத்த முறை லேக் என்று வாய் வரும்போது ஒரு நொடி நிறுத்தி, அந்த நேரத்தில் திரையில் யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆளுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால், அதையே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்போது உட்கார்ந்து பேசலாம்.