முதல் ஐந்து நிமிடம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப்படம் பார்க்கச் செல்லும் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. அரங்கில் விளக்கு அணைந்த பிறகும் சோளப்பொரி வரிசையில் நிற்பார்கள். "இப்போது பெயர்கள்தாமே ஓடும், கதை இன்னும் தொடங்கியிருக்காது" என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறானது. நல்ல படங்களில் கதை அப்போதே தொடங்கிவிடுகிறது.

1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்தைப் பார்ப்போம். மயில் என்னும் பெண் இரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். அங்கிருந்துதான் கதை பின்னோக்கிச் செல்கிறது. யாருக்காகக் காத்திருக்கிறாள், அவன் வருவானா என்ற கேள்வி படம் முழுவதும் பார்வையாளரோடு வருகிறது. தாமதமாக வந்தவருக்கும் கதை புரியும்; அந்தக் காத்திருப்பின் வலி புரியாது.

ஒலியின் ஆற்றலுக்கு 1992இல் வந்த 'அண்ணாமலை' போதும். இருண்ட திரையில் ஒளிப்புள்ளிகள் கூடி ரஜினிகாந்தின் பட்டப்பெயரை எழுதும். தேவாவின் இசை உடன் முழங்கும். நடிகர் இன்னும் திரைக்கே வரவில்லை. ஆனாலும் அரங்கம் எழுந்துவிடும். அவருடைய பிற்காலப் படங்களிலும் அந்தப் பெயர்க்காட்சி தொடர்ந்தது.

இதே ஆரவாரம் ஒரு நல்ல காட்சியை விழுங்கியும் விடும். பா. இரஞ்சித்தின் 'கபாலி' 2016இல் வந்தது. கதை நடப்பது மலேசியாவில். நீண்ட காலம் சிறையில் இருந்த கபாலி அறிமுகமாகும்போது அவர் கையில் இருப்பது ஆயுதமன்று, புத்தகம். ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா' அது. ஒடுக்கப்பட்ட குடும்பமொன்று கல்வியால் உயர்ந்த வரலாறு. இரசிகர்கள் நாயகனின் முகத்தைக் காணத் துடிக்கும் நொடியில் இயக்குநர் ஒரு புத்தகத்தைக் காட்டுகிறார். அதை விளக்க யாரும் வசனம் பேசுவதில்லை. தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் எவ்வளவோ சொல்லும். விசில் சத்தத்தில் அதன் அட்டையைக் கவனித்தவர் எத்தனை பேர்?

மலேசியத் திரையரங்குகளில் ஓடிய பதிப்பின் இறுதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. அதைப் பற்றி வாதிடுவோர் இன்றும் உண்டு. புத்தகத்தைப் பற்றியும் அவர்கள் கொஞ்சம் பேசலாம்.

படம் பொழுதுபோக்குக்குத்தானே, அதைப் பாடம்போல் ஆராய வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆராய்வதால் சுவை குறைவதில்லை. பாட்டில் தாளத்தைப் பிடித்துக் கேட்பவர் பாட்டை இழந்தா விடுகிறார்? இப்போதோ வீட்டில் இணையவழிப் படம் பார்க்கும்போது தொடக்கத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானே வந்துவிட்டது. அதை அழுத்துவதற்கு முன், அதே காட்சியை ஒருமுறை ஒலியை அடக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். 'கபாலி'யை ஒலியின்றிப் பார்த்தால், விசிலடித்தவருக்கும் அந்த அட்டை கண்ணில் படும்.